இருபத்துநாலில் ஒன்று குறைந்தால்

மீன் கடை வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, விற்ற மீனை அன்றோடு மறந்துவிடுவது. ஆறு வருடமாகியும் எனக்கு அது மட்டும் வரவில்லை.

நான் சொல்வது சாப்பிடுகிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற மீன். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தேன். ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் கிள்ளானில் இந்தக் கடைக்கு வந்தேன். கடையின் இடது பக்கச் சுவர் என் பொறுப்பு. செடி வளர்க்கும் தொட்டிகளும், அவற்றில் விடுகிற நியோன், ரஸ்போரா மாதிரியான சின்ன மீன்களும் அங்கேதான் இருக்கின்றன. சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இராது. எல்லாம் கூட்டத்தில் வாழ்கிறவை. ஒன்றைத் தனியாக விட்டால் மூலையில் ஒதுங்கி, சாப்பிடாமல், நிறம் வெளுத்துப் போய்விடும்.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்பே தொட்டியைப் பார்த்து, எதுவும் மல்லாந்து கிடக்கிறதா என்று தேடுகிறவர்கள் நீங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும். இங்கே எழுதியிருப்பதில் பாதி, ராஜமாணிக்கம் அண்ணன் என்ற ஒரே மனிதரைப் பற்றியது. அவருடைய இருபத்துநாலு நியோன்களில் ஒன்று குறைந்தாலும் மனிதர் சிகிச்சைக்குப் போவதை நிறுத்திவிடுவாரோ என்று பயந்துகொண்டே நான் ஒரு வருடத்தை ஓட்டியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து வாங்க

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு தம்பி மனைவியோடு வந்தார். சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர், கொண்டோவுக்குப் புதிதாகக் குடி போயிருந்தார். மூன்றடித் தொட்டி, விளக்கு, மண், செடி, மரக்கட்டை எல்லாவற்றையும் காடியின் பின்சீட்டில் ஏற்றி முடித்துவிட்டு, “மீன் எங்கக்கா?” என்றார். “மூணு வாரம் கழிச்சு வாங்க” என்றேன். புதுத் தொட்டியில் தண்ணீர் பார்க்கத்தான் தெளிவாக இருக்கும். மீனின் கழிவைத் தின்று சரிசெய்கிற நுண்ணுயிர்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற அத்தனை நாள் வேண்டும். அதற்கு முன்னால் மீனை விட்டால் அது தன் கழிவிலேயே திணறிச் சாகும்.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆளுங்க வராங்க. வெறும் தண்ணியவா காட்டுறது?” என்று அந்தப் பெண் கேட்டாள். நான் அதைக் காதில் வாங்காமல் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன். தொட்டி மேல் வெயில் விழுமா? ஊருக்குப் போனால் யார் தீனி போடுவது? குழந்தை இருந்தால் கண்ணாடியைத் தட்டுமா? அந்தத் தம்பிக்கு வேர்த்துவிட்டது. அவர்கள் போன பிறகு தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீ மீன் விக்கிறியா, இல்ல பொண்ணு கட்டிக் குடுக்கிறியா?”

வீடியோவில் வருகிற மாதிரி

சொன்னபடியே மூன்று வாரம் கழித்து வந்து அந்தத் தம்பி முப்பது நியோன் வாங்கிப் போனார். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அவரே படம் அனுப்பினார். முப்பதும் உயிரோடு இருந்தன. ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். “செத்துப்போச்சா தம்பி?” என்றேன்.

“இல்லக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதப் பாருங்க” என்று போனை நீட்டினார். அதில் நூற்றுக்கணக்கான நியோன்கள் ஒரே நேரத்தில் திரும்பின, ஒரே நேரத்தில் மின்னின. “என்னோடது ஆளுக்கொரு மூலையில நிக்குதுங்க. காசு குடுத்து வாங்கினது இதுக்கா?” என்றார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். “பயந்தாத்தான் தம்பி அதுங்க அப்படி ஒட்டிக்கிட்டுப் போகும். பெரிய மீன் பக்கத்துல வந்தா போகும், யாராச்சும் தொட்டியத் தட்டினா போகும். உங்க வீட்டுல பயம் இல்ல. அதான் ஆறஅமர சுத்துதுங்க. சந்தோஷப்படுங்க.” அவர் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. போனில் அந்த வீடியோவை இன்னொரு தடவை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “லைட்டா பயமுறுத்துற மாதிரி எதாவது மீன் இருக்காக்கா?”

மொய் எழுதவா வந்தேன்?

நம் ஆட்கள் மீன் வாங்குவதும் மொய் வைப்பது மாதிரிதான். பத்து என்று சொல்ல வாய் வராது, பதினொன்று என்பார்கள். இருபது கேட்டாலும் நானே வலையில் இன்னொன்றைச் சேர்த்துப் பிடித்துவிடுவேன். வாங்குகிறவர் முகமும் மலர்ந்துவிடும். ராஜமாணிக்கம் அண்ணன் முதல் தடவை வந்து இருபத்துநாலு நியோன் கேட்டபோதும் அதே பழக்கத்தில் ஒன்று கூட்டிப் போட்டேன். அவர் பையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓடிக்கொண்டிருந்த மீன்களை ஒரு நிமிடத்தில் எண்ணி முடித்துவிட்டு, “ஒண்ணு கூட இருக்கு. எடுத்துடும்மா. மொய் எழுதவா வந்தேன்?” என்றார்.

பண்டமாரானில் வீடு. முப்பது வருடத்துக்கு மேல் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஏறுகிற இறங்குகிற பெட்டிகளைப் பக்கத்தில் நின்று எண்ணி எழுதுகிற வேலை. “நான் நிக்காம ஒரு பெட்டி ஏறாதும்மா” என்று சொல்லிக்கொண்டார். எண்ணுவதும் ஆறு ஆறாகத்தான். நாலு ஆறு இருபத்துநாலு, அதில் தப்பு வராது என்றார். கூடுதலாக இருந்த மீனை எடுக்கும்போதுதான் கவனித்தேன், பையில் ஒன்றுக்கு முதுகு வளைந்திருந்தது. பிறவிக் கோணல். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. “இத மாத்தித் தரேண்ணே” என்று வலையை எடுத்தேன். அவர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “கோணலா இருந்தா என்னம்மா, எண்ணும்போது அதுவும் ஒண்ணுதானே?”

தீபாவளிச் சுத்தம்

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் கடையில் யாரும் லீவு எடுக்க முடியாது. அந்த வாரம் வீட்டில் திரைச்சீலை துவைக்கிறார்கள், மின்விசிறி துடைக்கிறார்கள், அப்படியே கை மீன் தொட்டிப் பக்கமும் நீண்டுவிடுகிறது. சுங்கை வேயிலிருந்து ஒரு பெண் வந்தாள். தொட்டியைக் காலி செய்து, கல்லைச் சுடுதண்ணீரில் போட்டு அலசி, ஃபில்டர் பஞ்சைப் பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டுக் கசக்கி வெயிலில் காயவைத்து, செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்திருக்கிறாள். பதினைந்து ரஸ்போராவும் மறுநாளே போய்விட்டன.

அந்தப் பஞ்சில் இருந்த அழுக்குதானம்மா உன் மீனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று எடுத்துச் சொன்னேன். பஞ்சை அலசுவதென்றாலும் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிய வேண்டும், பைப்புத் தண்ணீரைக்கூடக் காட்டக் கூடாது என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் சொன்னாள்: “வந்தவங்க எல்லாருமே தொட்டி பளிச்சுனு இருக்குன்னு சொன்னாங்க ஆன்டி, மீனுங்களுக்குத்தான் புடிக்கல.”

தொட்டியை விற்க வந்தவர்

ராஜமாணிக்கம் அண்ணன் மாதம் ஒரு முறை தீனி வாங்க வருவார். ஒரு கட்டத்தில் வருவது நின்றுபோனது. நானாக ஏதேதோ நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் மனைவி சரசு அக்கா கடைக்கு வந்தார். “அவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சும்மா” என்றார். வாரத்தில் மூன்று நாள், திங்கள் புதன் வெள்ளி, டயாலிசிஸ். ஊசி குத்துகிற கையில் அழுக்குத் தண்ணீர் படக் கூடாது என்பதால் தொட்டிக்குள் கைவிட முடியவில்லை. பாசி காடாக மண்டிவிட்டது. அது போகட்டும், போன வாரம் அவர் இரண்டு தடவை டயாலிசிஸுக்கே போகவில்லை. “நாலு மணி நேரம் சுவத்தப் பாத்துக்கிட்டு எவன் படுத்திருப்பாங்கிறாரு. இந்தத் தொட்டி முன்னாடி உக்காந்தா எந்திரிக்கிறதே இல்ல. இன்னும் ரெண்டு தடவ விட்டா நுரையீரல்ல தண்ணி சேந்துடும்னு டாக்டர் சத்தம் போடுறாரு. நீயே தொட்டிய வாங்கிக்கம்மா.”

தொட்டியை வாங்கிக்கொண்டால் அவர் போவாரா என்று கேட்டேன். சரசு அக்கா உதட்டைப் பிதுக்கினார். “அப்ப தொட்டிய அங்கயே கொண்டுபோயிட்டா?” என்று என் வாயில்தான் வந்தது. வந்ததற்காகப் பிறகு எத்தனையோ தடவை என்னையே திட்டிக்கொண்டேன்.

டயாலிசிஸ் நிலையத்தின் பொறுப்பாளர் சிஸ்டர் புனிதா. முதலில் முடியவே முடியாது என்றார். சிகிச்சை அறைக்குள் தொட்டி வைக்கக் கூடாது. ஆனால் அந்த அறைக்கும் வெளியே ஆட்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். அதன் வெளிப்பக்கத்தில் வைத்தால், ஆறாம் நம்பர் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கு நேர் எதிரில் தொட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை லோரியில் தொட்டியை மாற்றினோம். பழைய தண்ணீரில் பாதியை வாளிகளில் எடுத்துக்கொண்டோம். செடிகளை ஈரமான பேப்பரில் சுற்றினோம். மீன்களைப் பைகளில் போட்டு என் மடியில் வைத்துக்கொண்டேன். வாரா வாரம் திங்கட்கிழமை கடைக்குப் போகும் முன் நான் போய்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. எல்லாம் வைத்து முடித்ததும் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “இங்க இருக்கறவங்க கண்ணுல ஒரு செத்த மீன் பட்டாலும் தொட்டி வெளிய போயிடும், சொல்லிட்டேன்.”

ஆறு ஆறாக நாலு

அண்ணன் வந்தார். அதுதான் ஆச்சரியம். வந்ததும் எடை பார்ப்பார், பிறகு தொட்டி முன்னால் நின்று ஆறு ஆறாக எண்ணுவார், இருபத்துநாலு என்று சத்தமாகச் சொல்வார். உள்ளே நாற்காலியில் இருக்கிற எட்டுப் பேருக்கும் அது கேட்கும். நாலு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. “அத எண்ணத்தான் வராரு. கொறையாம பாத்துக்கம்மா” என்று சரசு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து திங்கட்கிழமை போனதும் முதல் வேலையாக நானும் ஆறு ஆறாக எண்ண ஆரம்பித்தேன்.

ஒரு திங்கட்கிழமை செடிகளை விலக்கியபோது அந்த முதுகு வளைந்த மீன் கிடந்தது. அண்ணன் அதற்குக் கோணையன் என்று பேர் வைத்திருந்தார். வயதாகிப் போயிருந்தது, வேறொன்றுமில்லை. ஆனால் சிஸ்டர் சொன்ன நிபந்தனை ஒரு பக்கம், சரசு அக்கா சொன்னது ஒரு பக்கம். கோணையனை டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அதே அளவில் ஒரு நியோனைப் பிடித்துவந்து, அண்ணன் வரும் பதினோரு மணிக்குள் விட்டுவிட்டேன். அவர் எண்ணினார். இருபத்துநாலு. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் நகரவில்லை. கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்த்தார். “கணக்கு சரியா இருக்கு. கோணையன் எங்க?” என்றார். “செடிக்குள்ள இருக்கும்ணே” என்றேன். அவர் உள்ளே போனார்.

புதன்கிழமை அவர் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. கால் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சரசு அக்கா போனில் அழுதார். கடையில் சொல்லிவிட்டுப் பண்டமாரானுக்கு ஓடினேன். அண்ணன் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன். செத்ததையும் சொன்னேன், மாற்றியதையும் சொன்னேன். “உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதாண்ணே” என்றேன். அவர் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்: “நாலாம் நம்பர் நாற்காலிக்காரர் எங்கன்னு கேட்டதுக்கும், வேற நிலையத்துக்கு மாறிட்டாருன்னுதாம்மா சொன்னாங்க.”

தண்ணீர் நின்ற மூன்று நாள்

சனிக்கிழமை காலையிலேயே அவரை நிலையத்துக்கு அழைத்துப் போனோம். போவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். செத்தால் செத்தது என்று சொல்ல வேண்டும், சொல்லாமல் எதையும் மாற்றக் கூடாது. சரி என்றேன். சிஸ்டர் புனிதாவிடமும் சொன்னேன். அவரும் ஒத்துக்கொண்டார். அதன் பிறகு இருபத்துநாலு குறையவே இல்லை. அந்த மூன்று நாள் தண்ணீர் வெட்டு வரும் வரையில்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வெட்டைப் பற்றி நான் விளக்க வேண்டாம். பாத்திரம், வாளி, குழந்தை குளிக்கிற தொட்டி வரை நிரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த நாட்களில் எனக்குப் போன் மேல் போன். மினரல் வாட்டர் ஊற்றலாமா, மழைத் தண்ணீர் பிடிக்கலாமா, ஏர்கோனிலிருந்து சொட்டுகிறதைச் சேர்த்து வைத்திருக்கிறேன் ஆகுமா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு யோசனை. சும்மா இருங்கள், எதையும் ஊற்றாதீர்கள், தீனியைக் குறைத்துப் போடுங்கள் என்று எல்லாருக்கும் சொன்னேன். சொல்ல மறந்தது ஒரே ஒருவருக்கு.

டயாலிசிஸ் நிலையத்துக்குத் தண்ணீர் லோரியில் வந்தது. மெஷினுக்கு எப்படியும் தண்ணீர் வேண்டும், மனித உயிர். அந்தத் தண்ணீரை இன்னொரு பெரிய மெஷினில் வடிகட்டி, எல்லாவற்றையும் நீக்கி, வெறும் தண்ணீராக்கித்தான் உபயோகிப்பார்கள். தொட்டியில் மரக்கட்டையின் சாயம் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. அது நல்லதுதான், நியோனுக்கு அது பிடிக்கும். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அழுக்கு மாதிரிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிஸ்டரிடமிருந்து போனில் செய்தி வந்தது. “தண்ணி ரொம்ப மஞ்சளா இருந்துச்சுக்கா, நேத்து பாதிய எடுத்துட்டு எங்ககிட்ட இருக்கறதுலயே சுத்தமான தண்ணிய ஊத்திட்டேன், நீங்க நிம்மதியா இருங்க.”

போர்வை

அந்தச் சுத்தமான தண்ணீரில் ஒன்றுமே கிடையாது. மீன் உடம்புக்கு வேண்டிய உப்பும் சுண்ணாம்பும்கூட இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் தாங்கிக்கொள்ளும். ஒரே நாளில் பாதித் தொட்டி என்றால் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை நிலையம் பூட்டியிருந்தது. சிஸ்டர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டார். ஏழு மீன்கள்.

கடையைத் திறக்கச் சொல்லி ஏழு நியோனைப் பிடித்துக்கொண்டு போனேன். வாக்குக் கொடுத்தவள்தான், ஆனாலும் கை தானாகப் பிடித்துவிட்டது. அங்கே போனால் தொட்டியின் மேல் ஒரு வெள்ளைப் போர்வை. காலை ஷிப்டில் சிகிச்சைக்கு வந்தவர்கள் கேட்டதற்கு, கழுவப் போகிறோம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “நல்லதுன்னு நெனச்சுத்தான் ஊத்தினேன்க்கா. அவரு மறுபடியும் வராம நின்னுட்டா? போன தடவ ஒரு மீனுக்கே ரெண்டு நாள் வரல. இது ஏழு. உள்ள விட்டுடுங்க, இந்த ஒரு தடவ.” நான் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விட்டால் அவர் கண்டுபிடிப்பார். விடாவிட்டால் பதினேழைப் பார்ப்பார். எதைச் செய்தாலும் புதன்கிழமை அந்த நாற்காலி காலியாக இருப்பது மாதிரியே எனக்குத் தெரிந்தது. கடையிலிருந்து கொண்டுபோன தண்ணீரை ஊற்றி, கெட்டுப்போனதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

அண்ணனும் சரசு அக்காவும் உள்ளே வந்தார்கள். அவர் எடை பார்க்கப் போகவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “மூடிட்டீங்களா?” என்றார். “இந்த இடத்துல வெள்ளைத் துணி போத்தினா என்னான்னு எங்களுக்குத் தெரியாதா?” சரசு அக்கா அவர் முழங்கையைப் பிடித்தார். நான் போய்ப் போர்வையை எடுத்தேன்.

பதினேழும் நடுவில் மரக்கட்டைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. இத்தனை மாதமாக ஆளுக்கொரு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தவை, பிரிக்பீல்ட்ஸ் தம்பியின் வீடியோ மாதிரி ஒன்றாகத் திரும்பின. அண்ணன் எண்ணினார். ஆறு. ஆறு. அதற்கப்புறம் விரலை மடக்கி மடக்கி ஐந்து. சத்தமாகச் சொல்லவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லா நாற்காலிகளும் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தன.

“ஏழு போச்சுண்ணே” என்றேன். “தண்ணி மாத்தினதுல.”

“எந்தத் தண்ணி?”

சிஸ்டர் புனிதா முன்னால் வந்தார். “மெஷின் தண்ணிங்க அங்கிள். நான்தான் ஊத்தினேன்.”

அவர் சிஸ்டரைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். “எனக்கு ஓடுற தண்ணியா? எனக்கு ஒத்துக்கிச்சு, அதுங்களுக்கு ஒத்துக்கலயா?” என்றார். சிரித்தாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் என் கையில் இருந்ததைக் கவனித்தார். “அது என்ன பை?”

மறைக்க இடமில்லை. “ஏழு நியோன். மாத்தலாம்னு கொண்டாந்தேன். மாத்தல” என்றேன். அவர் பையை வாங்கி விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார். எண்ணினார். திருப்பிக் கொடுத்தார். வாயில் வந்ததைப் பேசினேன் நான். இப்போது விடக் கூடாது, தொட்டி முதலில் தேற வேண்டும், புது மீனை இரண்டு வாரம் தனியாக வைத்து நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், எல்லாம் என் தப்பு, சிஸ்டரை ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். செருப்பைக் கழற்றி எடை மெஷின் மேல் ஏறினார். இறங்கியதும் ஆறாம் நம்பர் நாற்காலியைப் பார்த்து நடந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி நின்று சொன்னார்: “ரெண்டு வாரம்னா எனக்கு ஆறு தடவ. ஆறாவது தடவ நான் வந்து பக்கத்துல நின்னப்புறம்தான் ஏத்தணும், நான் எண்ணாம ஒண்ணுகூட உள்ள போகக் கூடாது.”

தொழிற்சாலையில் கூடுதலாக நின்ற நேரத்துக்கு ஓவர்டைம் கொடுத்தார்கள். அந்த ஆறு தடவைக்கு நான் பட்ட கவலைக்கும் அப்படி ஒன்று இருந்திருந்தால், இந்நேரம் தவுக்கே என்னிடம்தான் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.